கனசாவா ஷின்கான்சென் நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் சுற்றிப்பார்க்க வருகிற நண்பர்கள், டோக்கியோவும் கியோத்தோவும் போதும் என்று நினைத்த பிறகு யாராவது சொல்லிக் கேட்டு, "கனசாவான்னு ஒரு ஊர் இருக்காமே, போகலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு வருகிற கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றுதான்: எந்த ரயில், எந்த வாசல், சாப்பாட்டுக்கு என்ன வழி. ஒவ்வொருவருக்கும் தனியாக வாட்ஸப்பில் தட்டித் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நடுநடுவே ரயில் பைத்தியங்களுக்கான சமாச்சாரமும் வரும். வேண்டாதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

கனசாவா எங்கே இருக்கிறது? பெரிய ஊரா?

ஹொன்ஷு தீவில் ஜப்பான் கடலைப் பார்த்த பக்கம் இருக்கிறது. இஷிகவா மாகாணத்தின் தலைநகர். மக்கள் தொகை சுமார் 4.6 லட்சம், அதாவது ஜப்பானியக் கணக்கில் நடுத்தர ஊர். ஆனால் பழைய பணக்கார ஊர். மயேதா குலத்தார் ஆண்ட காகா நாட்டின் வருமானம் பத்து லட்சம் கொக்கு அரிசி. ஒரு கொக்கு என்றால் ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்குப் போதுமான அரிசி என்று கணக்கு. நாட்டையே ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் குடும்பத்துக்கு அடுத்தபடியாக அவ்வளவு நெல் வேறு எந்தப் பிரபுவிடமும் இல்லை. அந்தக் காசு தங்கத் தகடு, பட்டுச் சாயம், நோ என்னும் மரபு நாடகம், தேநீர் என்று கலைகளில் இறங்கியது. நிலையத்தில் இறங்கியதுமே கண்ணில் படுவது அதன் மிச்சம்தான்.

ரயில் இங்கே வந்தது 1898 ஏப்ரல் 1-ல். ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில், வந்தது 2015 மார்ச் 14-ல்; இந்தப் பாதைக்கு ஹொக்குரிக்கு ஷின்கான்சென் என்று பெயர். நடுவில் 117 வருஷம்.

டோக்கியோவிலிருந்து எவ்வளவு நேரம் ஆகும்?

வேகமான வண்டியில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. தண்டவாளத் தூரம் சுமார் 450 கிலோமீட்டர். 2015-க்கு முன்பு ஜோயெத்சு ஷின்கான்செனில் எச்சிகோ-யுசாவா வரை போய், அங்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாதாரணப் பாதை எக்ஸ்பிரஸுக்கு மாற வேண்டும். மொத்தம் நாலு மணி நேரத்தைத் தொட்டுவிடும்.

டோஹொக்கு ஷின்கான்சென் 320-ல் பறக்கும்போது இது ஏன் 260-க்கு மேல் போவதில்லை என்று சிலர் குறைப்படுவார்கள். 1973-ல் திட்டமிட்ட ஐந்து ஷின்கான்சென் பாதைகளில் இது ஒன்று, அந்த வகைப் பாதைகளை வடிவமைத்ததே 260 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான். போதாக்குறைக்கு, தகாசாகியைத் தாண்டி கருயிசாவாவுக்கு ஏறும் இடத்தில் ஆயிரம் மீட்டர் போனால் 30 மீட்டர் ஏறுகிற சரிவு. ஷின்கான்செனுக்கு அது பெரிய மேடு. ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்த ஏற்றம் கொஞ்சமும் தெரியாது. காது மட்டும் லேசாக அடைத்துக்கொள்ளும்.

ககயாகி, ஹகுதாகா, த்சுருகி, அசாமா... எதில் ஏறுவது?

ககயாகி என்றால் பளபளப்பு, ஒளிர்வு. டோக்கியோவை விட்டால் உவெனோ, ஓமியா, நகானோ, தோயாமா என்று சில இடங்களில் மட்டும் நின்று கனசாவா வந்துவிடும். எல்லா இருக்கையும் முன்பதிவுதான். ஹகுதாகா (வெள்ளைப் பருந்து) கூடுதலான ஊர்களில் நிற்கும், மூன்று மணி நேரம் பிடிக்கும். முன்பதிவில்லாப் பெட்டிகளும் இதில் உண்டு. த்சுருகி டோக்கியோ பக்கமே போகாது, தோயாமாவுக்கும் த்சுருகாவுக்கும் நடுவே ஓடும். அசாமா அதே நடைமேடையிலிருந்து அதே முகத்தோடு கிளம்பும், ஆனால் நகானோவோடு நின்றுவிடும். அதில் ஏறிவிடாதீர்கள்.

நான் முதல் முறை வந்தபோது முன்பதிவில்லா டிக்கெட்டோடு ககயாகியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் வந்து குனிந்து வணங்கி, என் டிக்கெட்டை ஒரு தரம் பார்த்து, இன்னொரு தரம் வணங்கினார். இரண்டாவது வணக்கத்திலேயே புரிந்துவிட்டது. நகானோவில் இறங்கி ஹகுதாகாவுக்காகக் குளிரில் காத்து நின்றேன். தப்பு முழுக்க என்னுடையதுதான்.

இன்னொன்று. 2024 மார்ச் 16 முதல் பாதை த்சுருகா வரை நீண்டுவிட்டது. முன்பெல்லாம் கனசாவாவில் வண்டியே காலியாகும், தூங்கினாலும் எழுப்பி இறக்கிவிடுவார்கள். இப்போது சில வண்டிகள் கனசாவாவில் நின்று, மேலே போய்க்கொண்டே இருக்கும். கண்ணயர்ந்தால் ஃபுகுயியில் விழிப்பீர்கள்.

எந்தப் பக்க ஜன்னல் நல்லது?

டோக்கியோவிலிருந்து வரும்போது இடது கைப்பக்கம் உட்கார்ந்தால் தோயாமா அருகே ததேயாமா மலைத்தொடர் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். வலது பக்கம் முதலில் அசாமா எரிமலை, பிறகு இதோயிகாவா பக்கம் கடல். கடல் என்று சொன்னால் நீளமாகக் கற்பனை செய்யாதீர்கள். இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே நீலமாக ஒரு மின்னல், அவ்வளவுதான். இந்தப் பாதையில் சுரங்கம் அதிகம், ஈயாமா சுரங்கம் மட்டுமே 22 கிலோமீட்டர். மேகமில்லாத நாளாக இருந்தால் என் ஓட்டு மலைக்கு.

ஓசாக்காவிலிருந்தோ கியோத்தோவிலிருந்தோ வந்தால்?

இங்கேதான் ஊர்க்காரர்களுக்கு ஒரு மனத்தாங்கல்.

2024 மார்ச் வரை ஓசாக்காவிலிருந்து தண்டர்பேர்ட் எக்ஸ்பிரஸில் ஏறினால் நேராகக் கனசாவா. ஒரே வண்டி, ஒரே இருக்கை, போகிற வழியில் பீவா ஏரி. (ராய்ச்சோ என்ற மலைப்பறவையின் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்தால் 'இடிப்பறவை' என்று வரும். அந்தப் பெயரில் ஓடிய பழைய ரயிலின் வாரிசுதான் இது.) ஷின்கான்சென் த்சுருகா வரை வந்ததும் தண்டர்பேர்டை த்சுருகாவோடு நிறுத்திவிட்டார்கள். நகோயா பக்கத்திலிருந்து வரும் ஷிராசாகிக்கும் அதே கதிதான். இப்போது த்சுருகாவில் எல்லாரும் இறங்கி, தரைத்தளத்திலிருந்து மூன்றாம் தளத்துக்கு ஏறி, ஷின்கான்செனுக்கு மாற வேண்டும். மாறுவதற்குப் பல இணைப்புகளில் எட்டு நிமிஷம்தான். நகரும் படிக்கட்டுகள் தாராளமாக இருக்கின்றன, வழிகாட்டிப் பலகைகளும் தெளிவு. குழந்தையும் பெரிய பெட்டியும் சேர்ந்துவிட்டால் மட்டும் எட்டு நிமிஷம் கையைக் கடிக்கும்.

இதனால் மிச்சமாவது இருபது நிமிஷம் சொச்சம். கட்டணம் ஆயிரத்து ஐந்நூறு யென்னுக்கு மேல் கூடியது. காகா நாட்டுக்குக் காலங்காலமாகப் பழக்கவழக்கமெல்லாம் கியோத்தோவோடுதான். வேகம் வந்து டோக்கியோவைப் பக்கத்தில் கொண்டுவந்தது. கியோத்தோவுக்கு நடுவில் ஒரு படிக்கட்டு முளைத்துவிட்டது. பாதையை ஒபாமா என்ற ஊர், கியோத்தோ வழியாக ஷின்-ஓசாக்கா வரை நீட்டுவது என்று 2016-லேயே முடிவெடுத்தாலும், கியோத்தோவின் நிலத்தடி நீருக்கு என்ன ஆகும், செலவு எங்கே போய் நிற்கும் என்ற வாதங்களில் வேலை இழுத்துக்கொண்டே போகிறது.

வாசலில் நிற்கும் அந்தப் பெரிய மரக் கோபுரம் என்ன? கோயிலா?

கோயில் இல்லை, வாசல்தான். த்சுஸுமி-மொன் என்று பெயர். த்சுஸுமி என்பது நோ நாடகத்தில் வாசிக்கும் கைப்பறை. பார்த்த உடனே நம் ஆட்களுக்கு நினைவு வருவது உடுக்கைதான், நினைவு சரியும்கூட. நடுவில் இடை சிறுத்து, இரண்டு முகத்தையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, கயிற்றை அழுத்தினால் சுருதி மாறுகிற வாத்தியம். அந்த முறுக்கிய கயிறுகளைத்தான் இந்த வாசலின் இரண்டு தூண்களும் காட்டுகின்றன. கிட்டே போய்ப் பாருங்கள்: தூண் ஒரே மரம் இல்லை, சட்டம் சட்டமாக மரங்கள் சாய்ந்து சாய்ந்து ஏறி, இடையில் நெருங்கி, மேலே மறுபடி விரிகின்றன. உயரம் 13.7 மீட்டர். மேலே லேசாக வளைந்த கூரை.

ஏன் பறை? காகா பிரபுக்கள் நோ நாடகத்தை, குறிப்பாக ஹோஷோ மரபை, வளர்த்தார்கள். சாதாரண ஜனங்களும் அதைப் பாடிப் பழகிய ஊர் இது.

2005-ல் கட்டி முடித்தபோது இது எதற்கு இவ்வளவு பெரிதாக என்ற முணுமுணுப்பும் இருந்தது. 2011-ல் ஓர் அமெரிக்கச் சுற்றுலாப் பத்திரிகை உலகின் அழகான ரயில் நிலையங்கள் பட்டியலில் இதைச் சேர்த்தது. இன்று ஊரைப் பற்றிய எந்த விளம்பரத்தை எடுத்தாலும் முதல் படம் இந்த வாசல்.

வாசலுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடிக் கூரை?

எனக்கு வாசலைவிட இதுதான் பிடிக்கும். மொதெனாஷி டோம் என்று பெயர், மொதெனாஷி என்றால் விருந்தோம்பல். அலுமினியச் சட்டங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகளைப் பொருத்தி, நிலையத்தின் கிழக்கு முற்றம் முழுவதையும் மூடியிருக்கிறார்கள். வடிவமைத்தவர் ஷிராயே ர்யூஸோ. வருகிறவருக்குக் குடை நீட்டுவது என்பதுதான் யோசனை.

அது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை. இந்த வட்டாரத்தில் ஒரு பழமொழி உண்டு: கட்டுச்சோற்றை மறந்தாலும் குடையை மறக்காதே. காலையில் பளீரென்று வெயில் அடிக்கும், பத்து மணிக்குக் கொட்டும், பதினொன்றுக்கு மறுபடி வெயில். இடி விழும் நாள்களிலும் ஜப்பானில் இந்த ஊர்தான் முதலிடம், சராசரியாக ஆண்டுக்கு நாற்பத்திச் சொச்சம் நாள், அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்தில். டிசம்பரில் இடி இடித்தால் புரி மீன் சீசன் வந்துவிட்டது என்பார்கள்.

மழை நாளில் டோமுக்கு அடியில் ஐந்து நிமிஷம் சும்மா நில்லுங்கள். மேலே தண்ணீர் ஓடுகிற நிழல் தரையில் நெளியும். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் விளிம்பு வரை நனையாமல் வந்து, அங்கே ஒரு நொடி நின்று, குடையை விரித்து இறங்குவார்கள். ஊரே ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை செய்யும் சைகை அது.

எந்த வாசலில் வெளியே வருவது?

கிழக்கு வாசல். பலகையில் கென்ரோகுயென் வாசல் என்று போட்டிருக்கும். டோம், மர வாசல், நகரப் பேருந்துகள், சுற்றுலா வட்டப் பேருந்து, ஷிராகவா-கோ கிராமத்துக்குப் போகும் பேருந்து எல்லாம் அங்கேதான். மேற்குப் பக்கம் துறைமுக வாசல், ஹோட்டல் அங்கே இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

நடைமேடை எண்களில் ஒரு சின்னக் குழப்பம். சாதாரண ரயில்களுக்கு 1 முதல் 7, ஷின்கான்செனுக்கு 11 முதல் 14. நடுவில் 8, 9, 10 தேடாதீர்கள், கிடைக்காது. உச்சினாதா போகும் குட்டி ரயில் இன்னொரு கம்பெனியுடையது, டோமுக்குக் கீழே நிலத்தடியில் தனி நிலையத்திலிருந்து கிளம்பும்.

நிலையத்துக்குள்ளேயே பார்க்க ஏதாவது?

ஷின்கான்சென் நடைமேடைத் தூண்களைத் தவறவிடாதீர்கள். அவற்றில் ஒட்டியிருப்பது அசல் தங்கத் தகடு. ஜப்பானில் உருவாகும் தங்கத் தகட்டில் கிட்டத்தட்ட எல்லாமே, 99 சதவீதம், இந்த ஊரில் அடிப்பதுதான். இறங்குகிற அவசரத்தில் பெரும்பாலானவர்கள் ஏதோ மஞ்சள் பெயின்ட் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள்.

காதையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஷின்கான்சென் கிளம்பும்போது ஒலிக்கும் இசையை அமைத்தவர் நகதா யசுதாகா. பெர்ஃப்யூம் என்ற பாப் குழுவின் பெரும்பாலான பாடல்களுக்கு இசை அவர்தான், பிறந்தது இதே ஊரில். கிழக்கு வாசலுக்கு வெளியே தண்ணீர்க் கடிகாரம் இருக்கிறது. சின்னச் சின்ன ஊற்றுகள் எழுந்து எண்களாகி மணி காட்டும், நடுநடுவே வரவேற்பு வார்த்தைகளும் எழுதும். பிள்ளைகளோடு போனால் அங்கே கால் மணி நேரம் போவது தெரியாது. பக்கத்துப் புல்தரையில் ஒரு ராட்சதக் கெண்டி கவிழ்ந்து பாதி புதைந்து கிடக்கும். அதுவும் கலைதானாம்.

பனிக்காலத்தில் ரயில் நின்றுவிடுமா?

அநேகமாக நிற்காது. கனமான, ஈரமான பனி விழும் வட்டாரம் என்று தெரிந்தே கட்டிய பாதை. வண்டியின் மூக்குக்குக் கீழே பனியை ஒதுக்கும் கத்தி உண்டு. பனி மிகுந்த பகுதிகளில் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் தெளித்துக் கரைக்கிறார்கள். மற்ற இடங்களில் பனி விழுந்து தங்குவதற்கே மேம்பாலத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். சாதாரணப் பாதை ரயில்கள்தான் முதலில் ரத்தாகும்.

ஊருக்குள் வேறு ஒரு வேடிக்கை: சாலையின் நடுவிலிருந்து சிறு குழாய்கள் நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கும். பனி போய்விடும், உங்கள் ஷூ நனைந்துவிடும். ரப்பர் காலணி போட்டுக்கொள்ளுங்கள். நவம்பர் 1 முதல் கென்ரோகுயென் தோட்டத்துப் பைன் மரங்களுக்கும் உச்சியிலிருந்து கயிறு இறக்கிக் கட்ட ஆரம்பிப்பார்கள், பனிப் பாரத்தில் கிளை முறியாமலிருக்க. தூரத்திலிருந்து பார்த்தால் மரங்களும் குடை பிடித்து நிற்பது போலத்தான் இருக்கும்.

இந்த ரயிலில் மின்சாரம் மாறிக்கொண்டே இருக்கும் என்கிறார்களே?

ரயில் பைத்தியத்தின் கேள்வி, எனக்கும் பிடித்த கேள்வி. ஜப்பானின் கிழக்குப் பாதியில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஓசாக்கா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் வினை. இந்தப் பாதை அந்த எல்லையை ஒரு தரம் கடந்தால் பரவாயில்லை. கருயிசாவா தாண்டி 60, ஜோயெத்சு பக்கம் மறுபடி 50, அதற்கப்புறம் மறுபடி 60 என்று கனசாவா வருவதற்குள் மூன்று முறை மாறுகிறது. இ7, டபிள்யூ7 வண்டிகள் இரண்டிலும் ஓடும்படி செய்தவை. உள்ளே விளக்குகூட இமைக்காது. உங்கள் இருக்கைக்கான பிளக்கில் போன் பாட்டுக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். எல்லா இருக்கைக்கும் பிளக் உண்டு.

நிலநடுக்கம் வந்தால்?

2024 ஜனவரி 1, மாலை 4 மணி 10 நிமிஷத்துக்கு நோதோ தீபகற்பத்தில் 7.6 அளவில் நிலநடுக்கம். புத்தாண்டுக்கு ஜனம் ஊர் வந்திருந்த நேரம். நில அதிர்வைக் கருவிகள் உணர்ந்தால் மின்சாரத்தைத் தானாக வெட்டி வண்டிகளை நிறுத்தும் ஏற்பாடு ஷின்கான்செனில் உண்டு. ஹொக்குரிக்கு ஷின்கான்சென் அன்று நின்றது, மறுநாளே மறுபடி ஓடியது. வடக்கே நோதோவில் பாடு வேறு. கனசாவாவிலிருந்து போகும் நனாவோ பாதை வகுரா வெந்நீர் ஊற்று வரை முழுதாகத் திறக்கப் பிப்ரவரி ஆயிற்று. அங்கே பல விடுதிகள் அதற்குப் பிறகும் நெடுநாள் மூடியே கிடந்தன. நோதோ போகத் திட்டமிருந்தால் தங்குமிடத்தை முதலில் உறுதி செய்துகொண்டு பிறகு ரயில் பாருங்கள்.

இந்தப் பாதைக்குப் பெரிய அடி கொடுத்தது வெள்ளம். 2019 அக்டோபரில் புயலில் சிகுமா ஆறு உடைத்துக்கொண்டு நகானோ பணிமனைக்குள் புகுந்தது. பத்து வண்டிகள், 120 பெட்டிகள், ஜன்னல் வரை சேற்றுத் தண்ணீர். இருந்த வண்டிகளில் மூன்றில் ஒரு பங்கு அது. பத்தையும் கழித்துக் கட்டிவிட்டார்கள்.

சைவம் கிடைக்குமா?

சிரமம்தான், பொய் சொல்ல மாட்டேன். கடல் ஊர். காய்கறிக் கூட்டு என்று வருவதிலும் கட்சுவோ மீன் சாறு இறங்கியிருக்கும். ஊரின் பெருமையான கனசாவா கறி, பெயரைக் கேட்டு ஆசைப்படாதீர்கள்: கருகிய நிறத்தில் கெட்டியான குழம்பு, மேலே பன்றிக் கட்லெட், பக்கத்தில் பச்சை முட்டைக்கோஸ் சீவல், எவர்சில்வர் தட்டு, சாப்பிட முள்கரண்டி. அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு தரம் அவசியம் சாப்பிட்டுப் பாருங்கள். நம் குழம்போடு ஒப்பிட்டால் ஏமாற்றம், அதையே தனிச் சாப்பாடாக நினைத்தால் ருசி.

சைவர்களுக்கு நான் சொல்வது: நிலையத்துக் கடைத்தெருவான ஹ்யாகுபன்-காய் போய், உமே பழ ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை, பயறு இனிப்புகள், பழம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பொருள் பட்டியலைப் போன் கேமரா மொழிபெயர்ப்பில் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். கையில் புளியோதரை இருந்தால் இன்னும் நல்லது. ஷின்கான்செனில் சாப்பிடுவதை யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள், எல்லாரும் சாப்பிடுவார்கள்.

ரயில் பாஸ் வாங்கலாமா? பெட்டிக்குத் தனி முன்பதிவு வேண்டுமா?

டோக்கியோவிலிருந்து ஒரு வழிக்கு 14,000 யென்னைச் சுற்றி வரும். ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக ஏறிவிட்டது. கனசாவா போய்த் திரும்புவதற்காக மட்டும் அதை வாங்கினால் நஷ்டம். டோக்கியோ, கனசாவா, கியோத்தோ, ஓசாக்கா என்று வளைந்து போகிறவர்களுக்கு ஹொக்குரிக்கு ஆர்ச் பாஸ் பொருத்தம்.

பெரிய பெட்டிக்கு முன்பதிவு என்ற விதி டோக்காய்தோ, சான்யோ, க்யூஷு பாதைகளுக்குத்தான். இங்கே இல்லை.

அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது. வெளியே போகலாமா?

தாராளமாக. பெட்டியை லாக்கரில் போட்டுவிட்டுக் கிழக்கு வாசல் வழியாக நேராக நடங்கள், கால் மணி நேரத்தில் ஓமிச்சோ சந்தை. சுமார் முந்நூறு வருஷச் சந்தை. குளிர்காலத்தில் நண்டுகள் வரிசையாகக் கால் மடக்கிப் படுத்திருக்கும், விலைச் சீட்டைப் பார்த்தால் நமக்கும் கால் மடங்கும். மதியத்துக்கு மேல் கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்த ஆரம்பிக்கும், காலையில் போவதே மேல். தோட்டத்துக்கும் கோட்டைக்கும் இந்த நேரம் போதாது, முயற்சிக்காதீர்கள். திரும்பி வந்து, லாக்கர் எந்த வாசல் பக்கம் இருந்தது என்று யோசித்து நிற்பதற்கும் பத்து நிமிஷம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். வானம் எப்படி இருந்தாலும் சரி, குடையை மட்டும் பெட்டியோடு சேர்த்து லாக்கரில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள்.